பரணில் துப்பாக்கி, மகன் கையில் கஞ்சா: ஒரு தாயின் கடிதமும் வழக்கறிஞரின் பதிலும்

ஏற்காடு டவுனிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளிய ஒரு மலைக் கிராமத்திலிருந்து 46 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்க ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம்.

குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் காப்பி, மிளகு. மகனுக்கு வயது 20. சேலத்தில் டிப்ளமோ சேர்ந்து இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டான். இப்போது ஒரு விடுதியில் வேலை. மகள் பதினொன்றாம் வகுப்பு. மகன் கஞ்சா பிடிப்பது ஒரு வருடமாகத் தெரியும். சமீபமாக ஏதோ வலி மாத்திரையும் பையில் கிடக்கிறது. சனி, ஞாயிறு குடியும் உண்டு. வீட்டுப் பரணில் மாமனார் வைத்திருந்த நாட்டுத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது, குழலில் கரிமருந்து இடித்துப் போடுகிற பழைய ரகம். மாமனார் இறந்து நான்கு வருடம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன் மகன் அதைத் தோளில் சாய்த்து, சாதிப் பெருமைப் பாட்டு ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டு ரீல்ஸ் போட்டான். போன வாரம் பைக்குக்குப் பணம் கேட்டுத் தகராறு. குடித்திருந்தவன், "பரண்ல இருக்கறத எறக்கிடுவேன் பாத்துக்க" என்றானாம்.

கணவர், "நாப்பது வருசமா இந்த வீட்ல இருக்கு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல" என்கிறார். தம்பி, எல்லாம் கஞ்சா செய்கிற வேலை, ராத்திரி வேன் வைத்து போதை மறுவாழ்வு மையத்துக்குத் தூக்கிவிடலாம் என்கிறார். பள்ளி ஆசிரியர் சினிமாவையும் போனையும் குறை சொல்கிறார். இவர் கேட்பது நான்கு கேள்விகள். இதில் யார் சொல்வது சரி? துப்பாக்கியை ஒப்படைத்தால் கணவரைக் கைது செய்வார்களா, பேசாமல் பாழுங்கிணற்றில் போட்டுவிடலாமா? கஞ்சாவுக்கு சிகிச்சை என்று போனால் பிள்ளை மீது வழக்கு வந்து வாழ்க்கை போய்விடுமா? தம்பி சொல்கிற வேன் வழி சரியா?

அன்புள்ள சகோதரிக்கு,

யார் சொல்வது சரி என்ற கேள்வி ஒரு நாள் பொறுக்கும். பரண் பொறுக்காது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

மருந்து இடிக்கிற துப்பாக்கி காலியாக இருப்பதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. குழலுக்குள் மருந்தும் பால்ரஸ் குண்டுகளும் இறுகக் கிடந்தால் வெளியே தெரியாது. ஈரம் படாத கரிமருந்து வருடக் கணக்கில் உயிரோடு இருக்கும். அடுப்புக்கு மேலே பரண் என்றால் அது நன்றாகக் காய்ந்த இடம். ஆகவே யாரும் அதை இறக்கிப் பார்க்க வேண்டாம், குழலில் கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். துருப்பிடித்த குழல் வெடித்துச் சுடுகிறவன் முகத்தையே எடுத்துவிடும். மருந்தைப் பற்றவைக்கும் கேப், மருந்து, பால்ரஸ் எல்லாம் தனி டப்பாவில் இருந்தால், அந்த டப்பாவை மட்டும் நெருப்பு இல்லாத இடத்தில், மகனுக்குச் சாவி கிடைக்காத பெட்டியில் பூட்டுங்கள். பரண் இருக்கும் அறைக்கும் பூட்டுப் போடுங்கள். பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய் வீட்டில் எங்காவது இருந்தால் அதைத் தொடவே கூடாது. அது வெடிபொருள். கை பட்டாலே வெடிக்கக் கூடியது, அதற்குச் சட்டமும் வேறு.

மறுபடியும் குடித்துவிட்டு வந்து பரண் பக்கம் போனால் மறித்து நிற்காதீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் 112-க்கு அழையுங்கள்.

இது உங்களையும் மகளையும் பற்றிய கவலை மட்டும் இல்லை. 20 வயதுப் பையன், போதை, கோபம், கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி என்றால் அது திரும்பும் பக்கம் அவன் பக்கமாகவும் இருக்கலாம். இஸ்ரேல் ராணுவம் 2006-இல், வார விடுமுறைக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று மாற்றியது. சிப்பாய்களின் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. பிள்ளைகளின் மனசை யாரும் மாற்றவில்லை. அந்த நேரத்தில் பொருள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

யார் சொல்வது சரி?

உங்கள் கணவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். கர்நாடகத்தில் குடகு இருக்கிறது. அங்கே மண்ணின் சமூகமான கொடவர்களுக்கும், பரம்பரை உரிமையாக வரும் ஜம்மா நிலத்தை வைத்திருப்பவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின் கீழ் லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, இறப்பு என்றால் இரண்டு வெடி. கைல்போள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். அதனால் குடகு கொலைக்களம் ஆகிவிடவில்லை. துப்பாக்கி இருக்கிற இடமெல்லாம் ரத்தம் என்பது தப்பு.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மாமனார் குடித்த நாளில் அதைத் தொடமாட்டார், கல்யாணம் ஆகாத பையன்களைத் தொடவிட மாட்டார் என்று. நாற்பது வருடம் இந்த வீட்டைக் காப்பாற்றியது அந்த இரண்டு விதிகள்தான். அவரோடு விதிகள் போய்விட்டன, துப்பாக்கி மட்டும் பரணில் தங்கிவிட்டது. இதை உங்கள் கணவரிடம் இதே வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். அப்பாவைக் குறை சொல்வதாக இருக்காது, அவருக்கு மரியாதையாகவே இருக்கும்.

தம்பி சொல்கிற கஞ்சாவுக்கு வருகிறேன். கஞ்சா பிடிப்பவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. சிலருக்கு, குறிப்பாகச் சின்ன வயதில் தொடங்கி நிறையப் பிடிப்பவர்களுக்கு, சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் வரும். அது மனநோய், ஆபத்துதான். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் அடிதடி வழக்குகளைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருவது சாராயம். அதைக் கடையில் ரசீதோடு விற்பதாலோ என்னவோ, யாரும் போதை என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் மகன் மிரட்டிய இரவிலும் குடித்துத்தான் இருந்தான். கஞ்சாவில் நீங்கள் பயப்பட வேண்டிய வன்முறை வேறு இடத்திலிருந்து வருகிறது: கடன், விற்பனை, பங்கு பிரிப்பதில் தகராறு. ஆந்திர ஒடிசா எல்லையிலிருந்து ரயிலில் வரும் சரக்கு சேலம் ஜங்ஷனில் அடிக்கடி பிடிபடுகிறது. அதில் ஒரு பகுதியை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றி மேலே கொண்டுவர, விடுதியில் வேலை பார்க்கிற, பைக் ஆசை உள்ள பையன் தோதான ஆள். பைக்குக்குப் பணம் கேட்டவன் திடீரென்று கேட்பதை நிறுத்திவிட்டான் என்றால் அப்போதுதான் நீங்கள் அதிகம் விசாரிக்க வேண்டும்.

ஆசிரியர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, ஆனால் சினிமா பார்த்த எல்லாப் பிள்ளையும் அரிவாள் தூக்குவதில்லை. அந்த ரீல்ஸில் நடந்தது வேறு. படிப்பு நின்று, கையில் தொழில் இல்லாமல் இருக்கிற பையனுக்கு ஊரில் கிடைக்காத மதிப்பு, போனில் ஒரு நிமிடத்தில் "கெத்து" என்று கிடைத்துவிடுகிறது. அதற்குச் சாதிப் பாட்டு சுலபமான மேடை. பள்ளி மாணவர் கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தது இதை அறிந்துதான். இதில் பெரிய ஆபத்து பார்த்தவன் கெட்டுப்போவது இல்லை. நாலு பேர் பார்க்க ஒன்றைச் சொல்லிவிட்டவன் பின்வாங்க முடியாமல் போவதுதான் ஆபத்து. எதிர்த் தரப்புப் பையன் "துப்பாக்கிய வெச்சு போட்டோதான் எடுப்பியா" என்று ஒரு கமென்ட் போட்டால் போதும்.

ஆக மூவரும் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ரோஷத்தை ஆற்றப் பல மாதம் ஆகும். போதைக்கும் அப்படித்தான். துப்பாக்கியை இந்த வாரமே வீட்டைவிட்டு அனுப்ப முடியும்.

ஒப்படைப்பது எப்படி, எவ்வளவு ஆபத்து?

முதலில் மூன்று தவறான எண்ணங்கள். பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது ஒன்று. ஆயுதச் சட்டம் 1959-இன் 45-ஆம் பிரிவு விலக்குக் கொடுப்பது, பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு. உங்கள் வீட்டுத் துப்பாக்கி அப்படி என்று நாமாக முடிவு செய்ய முடியாது. மாமனாருடையது, எங்களுடையது இல்லை என்பது இரண்டாவது. குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-இல் சொன்னதன் சாரம்: பொருள் இருப்பது தெரிந்து, அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் அதுவே உடைமை. கையில் பிடித்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, பயிர்க் காவலுக்கு வைத்திருக்கிறோம் என்பது. பயிர்ப் பாதுகாப்புக்கு இந்த ரகத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரச் சட்டம் 13-ஆம் பிரிவில் இடம் கொடுக்கிறது, உண்மைதான். லைசென்ஸ் வாங்கினால்தான் அந்தப் பாதுகாப்பு. வாங்கினாலும் காட்டுமாட்டைச் சுட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் குறைந்தது 3 வருடம் சிறை.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கு ஆயுதச் சட்டத்தின் 25(1பி)(ஏ) பிரிவில் தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம், அபராதமும் உண்டு. தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் மன்னிப்பு என்று சட்டத்தில் நிரந்தரமான பிரிவு கிடையாது. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. நடைமுறை வேறு. மலைப் பகுதிகளில் கள்ளத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதும், ஊர்ப் பெரியவர்கள் மூலம் வாங்கிக்கொள்வதும் வழக்கத்தில் இருக்கிறது. இன்னொரு பாதுகாப்பும் உண்டு. லைசென்ஸ் வேண்டும் என்று சொல்லும் பிரிவு 3-ஐ மீறியதற்கு வழக்கு நடத்த, 39-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்து ஒப்படைத்த கோப்பும், சோதனையில் பிடிபட்ட கோப்பும் அவர் மேசையில் ஒன்றுபோல இருக்காது.

கிணற்றில் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். ரீல்ஸ் வெளியே போய்விட்டது. மகன் அதை அழித்தாலும் யாராவது போனில் சேமித்திருப்பார்கள். "துப்பாக்கி எங்கே" என்று கேட்கும்போது கிணற்றைக் காட்ட வேண்டியிருந்தால், வைத்திருந்த குற்றத்தோடு தடயம் மறைத்த குற்றமும் சேரும். கோடையில் கிணறு வற்றும், அதை வேறொரு பையன் எடுப்பான்.

செய்ய வேண்டியது இது. மாமனாரின் டிரங்குப் பெட்டி, நிலப் பத்திரக் கட்டு எல்லாவற்றிலும் பழைய லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் நிலை முழுக்க மாறும். அப்போது லைசென்ஸ்தாரர் இறந்தபின் வாரிசு ஒப்படைக்கத் தாமதித்த விஷயமாகவே அது நிற்கும், 21-ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. பிறகு சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண் என்பதாலேயே உங்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அவர் மூலம் ஒரு மனு எழுதுங்கள்: துப்பாக்கி யாருடையது, எப்போது இறந்தார், எங்கே இருக்கிறது, உள்ளே மருந்து இருக்கலாம், நாங்கள் தொடவில்லை, வந்து எடுத்துக்கொள்ளவும். மனு உங்கள் கணவர் பெயரில் இருந்தால் நல்லது. அவர் மறுத்தால் உங்கள் பெயரில் கொடுங்கள். ரீல்ஸ் விஷயத்தை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனுவில் அதை எப்படி எழுதுவது, மகன் அந்தக் கணக்கை என்ன செய்வது என்று அவர் சொல்வார்.

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி நீங்களே ஸ்டேஷனுக்குப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம். வழியில் சோதனையில் மாட்டினால் நீங்கள் கடத்துகிறவர். பஸ் பள்ளத்தில் குலுங்கிக் கையில் வெடித்தால் அதைவிட மோசம். போலீஸ் வந்து எடுக்கும்போது வழக்கறிஞரோ ஊர்ப் பெரியவரோ கூட இருக்கட்டும். வாங்கியதற்கு ரசீதோ மனுவின் நகலில் சீலோ வாங்காமல் விடாதீர்கள்.

சிகிச்சைக்குப் போனால் வழக்கு வருமா?

வராது என்று சொல்லும் அளவுக்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, குடி மற்றும் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. அதன் 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குச் சீட்டு வாங்கிப் போவதால் ஸ்டேஷனுக்குத் தகவல் போகாது. ஒருவேளை பிடிபட்டாலும், கஞ்சா உபயோகித்ததற்குப் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் அதிகபட்சம் 6 மாதம் சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், உபயோகித்ததற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. பாதியில் ஓடிவந்தால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம்.

இந்தப் பாதுகாப்பு எல்லாம் உபயோகிப்பவனுக்கு. சுமப்பவனுக்கு இல்லை. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு. அதற்கு மேல் 10 வருடம் வரை. 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 வருடம், ஜாமீனும் எளிதில் கிடைக்காது. "பையில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். கூடப் பைக்கில் உட்கார்ந்து போன நண்பனும் சேர்ந்து மாட்டுவான். மகனிடம் ஒரே ஒரு விஷயம் பேச முடியும் என்றால் புகைப்பதைப் பற்றி வேண்டாம், இதைப் பேசுங்கள்.

பையில் கிடக்கும் மாத்திரையின் அட்டையை எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். டிரமடால் என்றால் அது 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சில பையன்கள் இப்படிப்பட்ட மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். முழங்கை மடிப்பில் தழும்போ சீழோ இருக்கிறதா, வெயிலிலும் முழுக்கை சட்டை போடுகிறானா என்று கவனியுங்கள். ஊசியை மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிக்கான சோதனையும் வேண்டும்.

வேன் வேண்டாம்

20 வயது ஆனவனை அவன் சம்மதம் இல்லாமல் தூக்கிப்போய்ப் பூட்டுவது சட்டப்படி அடைத்துவைத்தல். தூக்கியவர் மாமா என்பதால் அது மாறாது. சம்மதம் இல்லாதவரைச் சேர்க்க மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 89-ஆம் பிரிவு இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவமனையாக இருக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனிக்க முடியாத நிலை என்று அவர்கள் கருத வேண்டும். முதலில் 30 நாள் வரைதான். சங்கிலி போடுவது முழுத் தடை. தம்பி சொல்கிற மையத்திடம் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றை முதலில் கேளுங்கள். பேச்சை மாற்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இதில்தான் உயிர் போகிறது. தினமும் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதற்கடுத்து மனப்பிறழ்ச்சி வரலாம். உங்கள் மகன் வார இறுதியில் மட்டும் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது உண்மையா என்று மருத்துவர் கேட்டறியட்டும். கஞ்சாவை விட்ட முதல் வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். அந்த வாரம் துப்பாக்கி வீட்டில் இருக்கவே கூடாது, ஒப்படைப்பதை முதலில் முடியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். வலி மாத்திரை ஊசி போட்டவன் ஒரு மாதம் விட்டுவிட்டுப் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். மையத்திலிருந்து வெளியே வந்த முதல் வாரம்தான் அதற்கு அதிக ஆபத்து.

அவனை எப்படிக் கூட்டிப்போவது? "கஞ்சாவுக்கு டாக்டர்" என்றால் வரமாட்டான். தூக்கம் வருவதில்லை, எடை குறைகிறது, கோபம் வருகிறது என்று அவனே ஒப்புக்கொள்கிற ஒன்றைப் பிடியுங்கள். பேசுகிற நேரம் காலை வேளையாக இருக்கட்டும், அப்பா கூட இருக்க வேண்டாம். போகச் சம்மதிக்காவிட்டால் முதலில் நீங்கள் மட்டும் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலோ, போதை மீட்புக்கான 14446 எண்ணிலோ பேசலாம். இரண்டும் இலவசம்.

அவன் மறுபடி மிரட்டினால், அவன் பிள்ளை என்பதால் உங்களுக்கு வழி இல்லை என்று நினைக்காதீர்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005 மருமகளுக்கு மட்டும் உரியது இல்லை, தாயும் தங்கையும்கூட அதன் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 181-க்கு அழைத்தால் பாதுகாப்பு அலுவலரோடு இணைத்துவிடுவார்கள். கொலை மிரட்டலுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் 7 வருடம் வரை தண்டனை உண்டு. அதை முதல் படியாக எடுக்கச் சொல்ல மாட்டேன், இருக்கிறது என்று தெரிந்திருங்கள். வீட்டில் கிடக்கும் கொத்து அரிவாள் விவசாயக் கருவி, அதற்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனாலும் இந்த இரண்டு மாதம் அது களத்துக் கொட்டகையில் பூட்டிக் கிடக்கட்டும்.

மகள் எந்த அறையில் தூங்குகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. பரணுக்குக் கீழே என்றால் இன்றே பாயை மாற்றிவிட்டு, நாளைக் காலை லைசென்ஸ் புத்தகத்தைத் தேடத் தொடங்குங்கள். கிடைத்தால் சேலம் புறப்படும் முன் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை யாரிடமும் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம்.